அலைவிடு தூது

தமிழில் தூது என்பது தனியொரு சிற்றிலக்கிய வகையாகவே வளர்ந்தது. அன்னமும் கிளியும் மேகமும் மட்டுமின்றி, நெஞ்சும் பணமும் புகையிலையும், ஏன், தமிழுங்கூடத் தூது சென்றுள்ளன. ஆயினும் பிழைப்பின்பொருட்டு ஊர்விட்டு வந்தோர் உள்ளத்தில் நிற்பது, சத்திமுத்தப் புலவர் நாரையிடம் சொல்லியனுப்பிய செய்தியே. வறுமை துரத்த மதுரைக்கு வந்து, போர்த்தத் துணியின்றி வாடையில் நடுங்கிய அப்புலவர், தலைக்குமேல் பறந்த நாரைகளை விளித்து, ஊரில் காத்திருக்கும் தம் மனைவிக்குத் தம் நிலையை உரைக்குமாறு வேண்டினார். நாரைக்கு அதில் ஆதாயம் ஒன்றுமில்லை. போகிற வழியில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகும்படிதான் வேண்டுகோள். தில்லியின் தை மாதக் குளிரை அறிந்த நம்மவர்க்கு அப்பாடலுக்கு உரையாசிரியர் தேவையில்லை.

நாரையின் இடத்தைப் பின்னாளில் அஞ்சலும் தந்தியும் தொலைபேசியும் பெற்றன. தந்திச் சேவகர் சைக்கிள் மணியடித்து வந்து நின்றாலே அழுகை தொடங்கிவிட்ட வீடுகள் நமக்குத் தெரியும். அத்தந்தியும் 2013 சூலை 14ஆம் நாளோடு நின்றுபோயிற்று. இன்று கைக்குள் அடங்கும் கருவியில் முகம் பார்த்தே பேசுகிறோம். ஆனால் இவை யாவற்றுக்கும் ஒரு பொதுக்குறை உண்டு. இடையில் ஒரு கம்பியோ, கோபுரமோ, அலுவலகமோ நின்றாக வேண்டும். அது சாய்ந்தால் செய்தியும் சாயும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி தனுஷ்கோடியை அணுகுகையில் கடல் கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். கம்பிகள் யாவும் அறுந்தமையால், அச்செய்தி இரயில்வே தலைமையகத்துக்கு எட்ட ஏறத்தாழ இரண்டு நாள் ஆயிற்று. ஓர் ஊரே அழிந்ததை அடுத்த ஊர் அறியாதிருந்தது.

அத்தகைய வேளைகளில் கூலி பெறாத நாரையாக நிற்போர் சிலர் உளர். அமெச்சூர் வானொலியர் எனவும், சுருக்கமாக ஹாம் எனவும் உலகெங்கும் அழைக்கப்படும் அவர்களின் வரலாற்றையே நாம் ஈண்டு எழுதப் புகுகிறோம். அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே நாளைக் கழிக்கும் நமக்கு, இவ்வரலாறு மின்பொறியின் வரலாறாகத் தோன்றுவதினும் மிகுதியாக, அனுமதியின் வரலாறாகவே தோன்றுகிறது. காரணம் போகப் போக விளங்கும்.

முதலில் பொருள் இன்னதெனச் சொல்லிவிடுவோம். ஹாம் என்பவர் அரசின் தேர்வெழுதி, உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக்குறியோடு, சொந்த வீட்டில் ஒலிபரப்பும் கருவியும் ஏற்கும் கருவியும் வைத்துப் பிற ஹாம்களோடு பேசுபவர். இந்தியரின் குறி பெரும்பாலும் 'வி.யூ.' என்று தொடங்கும். சிற்றலை எனும் ஷார்ட்வேவ் நேரே போய் மறைவதில்லை. வானில் வெகு உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் மண்ணுக்கு மீள்கிறது. ஆகவே பழைய குண்டு பல்பு ஒன்று எரியும் அளவான 100 வாட் மின்திறனைக் கொண்டு தில்லியிலிருந்து தென் அமெரிக்காவரை பேச இயலும். மின்சாரம் நின்றாலும் ஒரு கார் பாட்டரி போதும். இரு மரங்களுக்கிடையே கட்டிய செப்புக்கம்பியே ஏரியல். இடையில் நிறுவனம் ஒன்றுமில்லை. விழுந்து கெடக் கோபுரமும் இல்லை.

இக்கலைக்குப் பன்னாட்டு விதிகள் நெடுங்காலம் விதித்திருந்த நிபந்தனை ஒன்று நம்மை வியக்க வைத்தது. ஹாம்கள் பணம் பெறலாகாது, வணிகம் பேசலாகாது என்பன எதிர்பார்க்கத் தக்கவையே. அதற்கு மேலும், அவர்தம் பேச்சு கருவிச் சோதனை பற்றியதாகவோ, தந்தி தொலைபேசியை நாடவேண்டாத அளவுக்கு முக்கியமற்ற சொந்தப் பேச்சாகவோ இருத்தல் வேண்டும் என்றது அவ்விதி. முக்கியமற்றதையே பேசுக என ஓர் அரசு விதி ஆணையிடுவதை நாம் வேறெங்கும் கண்டதில்லை! தந்தி வருமானம் குறையலாகாது என்பதே உட்கருத்து. ஆனால் இரவுதோறும் வானிலையையும், வால்வின் சூட்டையும், வீட்டுக் காப்பியையும் பற்றிப் பேசிப் பேசியே, எந்த நேரத்தில் எந்த அலை எத்திசைக்குச் செல்லும், இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெயரை எழுத்துக்கூட்டி எப்படிப் பிரித்தெடுப்பது என்பதெல்லாம் அவர்கள் செவிக்குப் பழகின. வீண்பேச்சே பயிற்சியாயிற்று.

இந்தியாவில் முதல் ஹாமாக அறியப்படுபவர் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்தர், ஆண்டு 1921. சென்னைக்கும் இத்துறையில் தனிப்பெருமை உண்டு. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1924 மே 16ஆம் நாள் சென்னையில் பிரசிடென்ஸி ரேடியோ கிளப் தோன்றியது. அவ்வாண்டு சூலை 31 முதல் ஒலிபரப்பும் தொடங்கியது. அகில இந்திய வானொலி என்ற பெயரே பிறவாத காலம் அது. ஆர்வலர் சிலர் கூடித் தம் கைப்பொருளால் நடத்திய அந்நிலையம் பண முடையால் 1927இல் நின்றது. கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தனர். மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து தானே ஒலிபரப்பியது. 1938 சூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும் வரை, தமிழ்நாட்டு மக்கள் காற்றில் கேட்ட பாட்டும் பேச்சும் ஆர்வலர் இட்ட அவ்வித்தின் விளைவே. முழுநேர அரசு நிலையங்களின் சரித்திரத்தை எழுதுவோர் இதை இரண்டு வரியில் முடித்துவிடுவது நியாயமன்று.

1939இல் உலகப்போர் மூண்டது. ஹாம் உரிமங்கள் யாவற்றையும் ஆங்கில அரசு ஒரே ஆணையில் நீக்கியது. கருவிகளை ஒப்படைக்கவும் சொன்னது. அங்ஙனம் தடைப்பட்ட திறமை வேறு வழியில் வெளிப்பட்டது. 1942 ஆகஸ்டு இயக்கத்தின்போது உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் மறைவாக நடத்திய காங்கிரஸ் வானொலிக்கு டிரான்ஸ்மிட்டர் கட்டித்தந்த நரிமன் பிரிண்டர், வானொலிக் கலை கைவந்தவர். வீடு விட்டு வீடு மாறி மும்மாதம் அளவில் ஒலித்த அக்குரல், அவ்வாண்டு நவம்பரில் காவலர் கையில் சிக்கியது. உரிமம் வழங்கும் அதிகாரிக்கு ஹாம்களின்மேல் ஓர் ஐயம் எந்நாளும் இருந்துவருவதற்கு இதுவும் ஒரு வேர் எனலாம். வெள்ளையன் போனபின்பும் அந்த ஐயம் கோப்பிலேயே தங்கிவிட்டது.

விடுதலைக்குப் பின் 1948இல், மாளவத்து மாவ் நகரின் இராணுவ சமிக்ஞைப் பள்ளியில் இந்திய அமெச்சூர் வானொலிக் கழகம் பிறந்தது. பின்னர் அதன் தலைமையகம் தில்லிக்கு மாறிற்று. 1954இல் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் என்று பெயரும் மாறிற்று. அன்றைய ஹாம்கள் கருவியை விலைக்கு வாங்கியவரல்லர். போரில் கழித்துவிடப்பட்ட இராணுவச் சாமான்களைச் சென்னை மூர் மார்க்கெட்டிலும் காயலான் கடைகளிலும், தில்லியில் லாஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் பொறுக்கி, '807' என்னும் வால்வைச் சுற்றித் தாமே ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கட்டிக்கொண்டனர். வீட்டில் பாட்டுக் கேட்கும் பெட்டிக்கே அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்திய காலத்தில், பேசும் பெட்டிக்கு எத்தனை விசாரணை இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். தேர்வு, மோர்ஸ் சோதனை, காவல்துறை விசாரணை, உள்துறையின் இசைவு என்று கோப்பு நடந்துகொண்டேயிருக்கும். 1978இல் இதற்கெனத் தனி விதிகள் வந்தன. 1984இல் கருவிகளுக்கான இறக்குமதி வரி நீக்கப்பட்டது. 'வி.யூ.2 ஆர்.ஜி.' என்ற அழைப்புக்குறியோடு தாமே ஹாமாக விளங்கிய இராஜீவ் காந்தி பிரதமரான ஆண்டும் அதுவே.

இடர்க்காலப் பணியை விரிக்கின் பெருகும். 1977 நவம்பரில் ஆந்திரக் கரையைப் புயல் சூறையாடியபோதும், 1979 ஆகஸ்டில் மச்சு அணை உடைந்து மோர்வி நகர் மூழ்கியபோதும், 1999இல் ஒரிசாப் பெரும்புயலின்போதும், 2001 குடியரசு நாளன்று கட்ச் பகுதி நடுங்கியபோதும் ஹாம்கள் பாட்டரியும் கம்பியும் சுமந்து சென்றனர். மேற்கு வங்க ஹாம்கள் கங்காசாகர் மேளாவில் ஆண்டுதோறும் ஆற்றும் பணியையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் உறவைப் பிரிந்து, தம் மொழி அறிந்தார் எவருமின்றித் திகைக்கும் முதியோரின் ஊரையும் பெயரையும் விசாரித்து, பல மாநில ஹாம்களின் வழியே குடும்பத்தைக் கண்டறிந்து சேர்த்துவைக்கின்றனர். பத்திரிகைகள் இதைக் கடைசிப் பக்கத்தில் போடுகின்றன.

இனி அந்தமானுக்கு வருவோம். நம் கட்டுரையின் கரு அங்கேதான் உள்ளது.

உலக ஹாம்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. எத்தனை நாடுகளோடும் தீவுகளோடும் பேசினோம் என்று கணக்கு வைப்பர். எவரும் ஒலிபரப்பாத அரிய இடமாயின் அதற்கு மதிப்பு மிகுதி. அந்தமான் நிகோபார் அத்தகைய இடங்களுள் ஒன்று. பாதுகாப்புக் காரணங்களால் அங்கிருந்து ஒலிபரப்ப இசைவு கிடைப்பதரிது. ஐதராபாத்தில் 1983இல் தொடங்கப்பட்ட தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சார்ந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார் 1987இல் அங்கு சென்று ஒலிபரப்பியிருந்தார். அதற்குப் பின் 17 ஆண்டு தீவுகளிலிருந்து ஹாம் குரல் இல்லை. அம்மையார் விடாது எழுதினார், கேட்டார், காத்திருந்தார். 2004இல் கோப்பு கனிந்தது. அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் அவர் தம் குழுவோடு போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் தங்கி நிலையம் அமைத்தார். அந்த அரிய குரலைப் பிடிக்க உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் முண்டினர். முழுக்க முழுக்க விளையாட்டு. ஓர் உத்தியோகப் பயனும் இல்லை. இப்படியொரு விண்ணப்பம் நம் மேசைக்கு வந்திருப்பின், 'பொதுநலன் யாது?' என்று ஓரத்தில் எழுதி மேலே அனுப்பியிருப்போம்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்ரா அருகே கடலடி பிளந்தது. அவ்வேளை பாரதி அம்மையார் ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். நிலம் நடுங்குகிறதென்று காற்றில் சொல்லிவிட்டு வெளியே ஓடினார், நிலையம் வாயடைத்தது. சிறிது நேரத்தில் கருவியை வெளிப்புறத்துக்குக் கொணர்ந்து மீண்டும் இயக்கினார். தொலைபேசிகள் அறுந்து கிடந்தன. அதுவரை தீவின் பெயரைத் தம் பட்டியலில் சேர்க்கவே முண்டிய அத்தனை ஹாம்களும் அக்கணமே ஒதுங்கி வழிவிட்டனர். வரிசை காத்து, ஒருவர் பேச மற்றவர் கேட்கும் ஒழுங்கு தானே அமைந்தது. குழுவினரில் சிலர் கார் நிகோபார் சென்று அங்கும் ஒரு நிலையம் நிறுவினர். போர்ட் பிளேருக்கும் கார் நிகோபாருக்கும் பெருநிலத்துக்கும் இடையே இன்னார் நலம், இன்னாரைக் காணோம், இன்ன மருந்து தேவை என்னும் செய்திகள் ஓடின. அதே நாட்களில் இலங்கையில் அம்பாந்தோட்டைக்குக் கொழும்பு ஹாம்கள் கருவியோடு விரைந்ததையும் உடன் நினைக்கலாம்.

அந்தத் தீவுகள் தமிழர்க்கு அயலிடமல்ல. போர்ட் பிளேரில் நம்மவர் பெருந்தொகையினர். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழரில் சில குடும்பங்கள் காட்சல் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டிருந்தன. ஒருமுறை கடல் கடந்து போய், மறுமுறை கடல் கடந்து வந்து, மூன்றாம் முறையாகக் கடல்நடுவே வேரூன்றியவர்கள். சுனாமி பேரழிவு செய்த தீவுகளுள் காட்சலும் ஒன்று.

அவ்வாரத்தில் தில்லியில் நடந்ததையும் பதிய வேண்டும். ஜங்புராவை அடுத்துப் பாரபுல்லா வடிகால் ஓரம் இருந்த மதராசி கேம்ப்பை இம்மலரின் வாசகர் பலர் அறிவர். வீட்டுவேலையும் கூலிவேலையும் துப்புரவுப் பணியும் செய்து பிழைத்த நம்மவர், ஏறத்தாழ 370 வீடுகளில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு வாழ்ந்த குடியிருப்பு அது. எஸ்.டி.டி. பூத்தின்முன் அன்று மாலை வரை வரிசை கரையவில்லை. கடலூர், நாகப்பட்டினம் என்ற பெயர்கள் தொலைக்காட்சியில் வந்துகொண்டேயிருந்தன. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பின்னர்த் தெரிந்த கணக்கு. ஊர்ப்பக்கம் பேச முடிந்தவர்கள் இரண்டொரு நாளில் ஆறுதலடைந்தனர். அந்தமானில் ஆள் இருந்தவர்க்கு அதுவும் இல்லை. நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் மருமகன் போர்ட் பிளேரில் கொத்தனார் வேலைக்குப் போயிருந்தார். மாமியார் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு பூத்துக்கும் வீட்டுக்கும் நடந்தார். "மணி அடிக்கவே மாட்டேங்குதுப்பா" என்பதே அவர் வாயில் வந்த சொல். எட்டாம் நாள், தீவிலிருந்து கப்பலேறிச் சென்னை வந்திறங்கிய எவரோ ஒருவர் பேசி, ஆள் பிழைத்திருக்கிறார் என்றார்.

அந்த எட்டு நாளும், அதே போர்ட் பிளேரிலிருந்து, பெயர் சொல்லித் தேடுவோர்க்குப் பெயர் சொல்லி விடைதரும் குரல் ஒன்று தில்லியின் வானத்திலும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அதைப் பிடிக்கும் பெட்டி இந்நகரில் சிலர் வீட்டு மாடியில் இருந்தது. வடிகால் ஓரத்துக்கும் அந்த மாடிக்கும் இடையே உள்ள தொலைவு, போர்ட் பிளேருக்கும் தில்லிக்கும் இடையே உள்ளதினும் பெரிது. ஹாம் வானொலி பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அனுப்பியவரின் வீரத்தையே எழுதுகின்றனர். தூது ஓலை யாரிடம் கொடுப்பதென்று அறியாதவர் நிலையை எழுதுவார் இலர்.

கோப்பின் பக்கம் மீள்வோம். பாதுகாப்புத் தளம் உள்ள தீவில் எவரையும் கருவியோடு நுழைய விடலாமா என்று தயங்கிய அதிகாரியைப் பழிக்க நாம் ஒருப்படோம். அத்தயக்கத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் இசைவு ஓராண்டு பிந்தியிருந்தால், அல்லது டிசம்பருக்கு மாறாகச் செப்டம்பருக்குக் கிடைத்திருந்தால், அந்த ஞாயிறன்று போர்ட் பிளேரில் இந்நிலையம் இருந்திராது. 'பொதுநலன் யாது?' என்ற கேள்விக்கு விண்ணப்பத்தாரரால் முன்கூட்டி விடையளித்திருக்கவும் இயலாது. உலக விதியும் அதற்குச் சற்று முன்னரே நெகிழ்ந்திருந்தது. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, நாடு கடந்து பிறர் செய்தியை ஹாம்கள் சுமப்பதற்கு இடர்க்காலத்தில் வெளிப்படையாக இடம் தந்தது. பேரிடரின்போது தொடர்புக் கருவிகள் எல்லை தாண்டுவதை எளிதாக்கும் டாம்பெரே ஒப்பந்தம் 1998இல் கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்ததோ 2005 சனவரி 8ஆம் நாள், அதாவது சுனாமிக்குப் பதின்மூன்று நாள் கழித்து. அரசாங்கங்களின் நடை அத்தகையது. அதே 2005 மே மாதத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்கென்றே 'ஹாம்சாட்' எனும் சிறு செயற்கைக்கோளை நம் விண்வெளித் துறை ஏவியதையும், அது 2014 வரை உழைத்ததையும் மகிழ்ச்சியோடு குறிக்கிறோம்.

கைப்பேசி வந்தபின் இதெல்லாம் எதற்கு என்பாரும் உளர். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, தில்லியிலிருந்து ஊருக்கு அழைத்தவர்களுக்கு அக்கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். கோபுரத்தின் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தால் கைப்பேசியும் வெறும் கைவிளக்கே.

இன்று உரிமம் பெறுவது முன்போல் அரிதன்று. பன்னிரண்டு வயது நிறைந்தவர் எழுதலாம். தொடக்க நிலைக்கு மோர்ஸ் சோதனையும் இல்லை. விண்ணப்பத்தை 'சரல் சஞ்சார்' எனும் அரசின் இணையவழியில் இடலாம். தேர்வுக்குரிய மின்னியல் பாடம் பள்ளி மேல்வகுப்பு மாணவர்க்கு எட்டும் அளவே. உள்துறையின் இசைவு மட்டும் இன்றும் தன் நடையிலேயே வருகிறது என்பர். அதைப் பற்றி நாம் வாய் திறப்பதற்கில்லை.

மதராசி கேம்ப் இன்று இல்லை. நீதிமன்ற ஆணையின்படி 2025 சூன் முதல் நாள் அது இடிக்கப்பட்டது. தகுதியெனக் கணிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் அடுக்குமாடி வீடு. ஏனையோர் வாடகைக்கு இடம் தேடித் திசைக்கொருவராயினர். ஒரு சந்தில் கூவினால் மறுசந்தில் கேட்ட செய்தி, இப்போது இரண்டு பேருந்து மாறிப் போகிறது. அங்கே எம்முறவினர் ஒருவர் வீட்டு மாடித்தளத்தில் நின்று பார்த்தோம். சுற்றிலும் உயர்ந்த கட்டடம் அதிகமில்லை. வானம் நாற்புறமும் திறந்து கிடக்கிறது. செப்புக்கம்பி கட்ட அதைவிட நல்ல இடம் ஜங்புராவில் கிடைத்திராது. வீட்டுப் பையன் ஒருவன் பதினோராம் வகுப்பில் இயற்பியல் படிக்கிறான். தேர்வுப் பாடத்திட்டத்தை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.